வட்டிக் கணக்கின் மூலநிரல்: நிதி நிறுவனங்களும் திறமூல நடைமுறையும்

களக்காட்டுப் பகுதியில் ஏத்தன் வாழை பயிரிடும் ஓர் உழவர் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் பெறும் பயிர்க்கடனும், அவசரத் தேவைக்காக அங்கேயே வாங்கும் நகைக்கடனும், வாழைத்தார்கள் விலைபோன பின் வியாபாரி கைபேசி வழியாக அனுப்பும் தொகையும் இன்று ஏதேனும் ஒரு மென்பொருளின் கணக்கீட்டைக் கடந்தே அவரிடம் வந்து சேர்கின்றன. முன்பு எழுத்தர் பேரேட்டில் கையால் எழுதிய வட்டிக் கணக்கு இப்போது நிரலாக மாறி ஒரு சர்வருக்குள் இயங்குகிறது. பேரேட்டைத் தணிக்கையாளர் பிரித்துப் பார்க்க முடிந்ததுபோல அந்த நிரலை யார் பிரித்துப் பார்க்க முடியும் என்ற கேள்வி, கணினி வல்லுநர்களுக்கு மட்டும் உரியதாகத் தோன்றினாலும், கடன் வாங்கும் ஒவ்வொருவரையும் தொடும் கேள்வியாகும்.

நிரலர் மனிதமொழிக்கு நெருக்கமான ஒரு குறியீட்டு மொழியில் எழுதும் கட்டளைத் தொகுப்பே மூலநிரல் எனப்படுகிறது. அதை எவரும் படிக்கவும் பயன்படுத்தவும் திருத்தவும் பகிரவும் உரிமம் வழங்கி வெளியிடப்படும் மென்பொருளைத் திறமூல மென்பொருள் என்றும், அந்த உரிமைகளைப் பயனரின் சுதந்திரமாகக் கருதி வலியுறுத்துவோர் கட்டற்ற மென்பொருள் என்றும் அழைக்கின்றனர். மென்பொருளைத் திறந்து வைப்பதோடு இம்மரபு முடிந்துவிடுவதில்லை; ஒவ்வொரு மாற்றத்தையும் பதிவு செய்தல், ஒருவர் எழுதியதை மற்றொருவர் சரிபார்த்தல், பிழைகளை வெளிப்படையாக அறிவித்தல், பிறர் கண்டறிந்த திருத்தங்களை உடனுக்குடன் ஏற்றல் ஆகிய ஒழுங்குகள் இதனோடு இணைந்தே வளர்ந்திருக்கின்றன. நிதி நிறுவனங்கள் திறமூல மென்பொருளை எடுத்துக்கொள்வதில் வெகுதூரம் வந்துவிட்டன. அதைக் காக்கும் ஒழுங்குகளை எடுத்துக்கொள்வதில் பின்தங்கியிருக்கின்றன என்பதே இத்துறையின் இன்றைய நிலை.

மறைக்க வேண்டியது எது?

வங்கியின் மென்பொருளைத் திறந்து வைத்தால் திருடர்களுக்கு வழிகாட்டியதாகாதா என்ற ஐயம் இயல்பானது. இதற்கான விடை கணினிக்கு முந்தைய காலத்திலேயே கிடைத்துவிட்டது. 1883இல் அகுஸ்ட் கெர்க்காஃப்ஸ் என்னும் மொழியியலாளர், இராணுவச் செய்திகளை மறைத்து அனுப்பும் முறைகளைப் பற்றி எழுதுகையில், முறை முழுவதும் பகைவனுக்குத் தெரிந்திருந்தாலும் சாவி மட்டும் தெரியாதவரை செய்தி பாதுகாப்பாக இருக்க வேண்டும் என்ற கொள்கையை வகுத்தார். நல்ல பூட்டின் உள்ளமைப்பு ஊரிலுள்ள கொல்லர் அனைவருக்கும் தெரிந்திருந்தாலும் சாவி வீட்டுக்காரரிடம் இருக்கும்வரை கதவு திறவாதது போன்றது இது.

உலகெங்கும் வங்கித் தரவுகளைக் காக்கும் ஏஇஎஸ் என்னும் மறையாக்க முறை இக்கொள்கையின் வழியிலேயே பிறந்தது. அமெரிக்கத் தர நிறுவனம் 1997இல் வெளிப்படையான போட்டியை அறிவித்து, முதற்கட்டத்தில் ஏற்கப்பட்ட 15 முறைகளையும் உலக ஆய்வாளர்கள் உடைத்துப் பார்க்க விட்டு, பெல்ஜியத்தைச் சேர்ந்த யோவான் டேமன், வின்சென்ட் ரைமன் ஆகிய இருவரின் வடிவமைப்பை 2000இல் தேர்ந்து, அடுத்த ஆண்டு தரமாக அறிவித்தது. அதன் ஒவ்வொரு படியும் பாடநூல்களில் அச்சாகியுள்ளது. ஆயினும் அதை நம்பியே பணம் பயணிக்கிறது. நிதித்துறையில் மறைக்க வேண்டியவை வாடிக்கையாளரின் கணக்கு விவரம், கடவுச்சொல், மறையாக்கச் சாவி ஆகியவை. அவற்றைக் கையாளும் விதிகளை மறைப்பதால் கிடைக்கும் பாதுகாப்பு அவ்விதி ஒருநாள் கசியும்வரை மட்டுமே நீடிக்கும்.

அடித்தளத்தில் ஏற்கெனவே இருப்பது

திறமூலத்தை ஏற்கலாமா என்று இன்று ஒரு நிதி நிறுவனம் விவாதித்தால், அவ்விவாதம் காலம் கடந்தது. ஆண்ட்ராய்டு கைபேசியின் உட்கரு, லினக்ஸ் என்னும் திறமூல மென்பொருள். எனவே 2016 ஏப்ரலில் தொடங்கிய யுபிஐ வழியாகப் பணம் அனுப்பும் பெரும்பாலோர் அறியாமலேயே திறமூல மென்பொருளைக் கையில் வைத்திருக்கின்றனர். பங்குச் சந்தைகளின் வரலாறும் இதையே காட்டுகிறது. லண்டன் பங்குச் சந்தையின் வணிக அமைப்பு 2008 செப்டம்பரில் ஏறத்தாழ ஒரு வேலைநாள் முழுவதும் முடங்கியது. அதற்கு மறு ஆண்டு இலங்கையின் மில்லேனியம் ஐடி நிறுவனத்தை வாங்கிய அச்சந்தை, தனியுரிமத் தளத்தில் இயங்கிய தன் பழைய அமைப்பைக் கைவிட்டு, கொழும்புக்கு அருகே உருவான, லினக்ஸில் இயங்கும் புதிய அமைப்புக்கு 2011 பிப்ரவரியில் மாறியது.

இந்தியாவில் இம்மரபை வெளிப்படையாகக் கடைப்பிடிக்கும் நிறுவனமாக, 2010இல் பெங்களூரில் தொடங்கப்பட்ட ஜெரோதா என்னும் பங்குத் தரகு நிறுவனத்தைக் குறிப்பிடலாம். தரவுகளைச் சேமிக்க அது பயன்படுத்தும் போஸ்ட்கிரெஸ் உள்பட அதன் கட்டமைப்பின் பெரும்பகுதி திறமூல மென்பொருள்களால் ஆனது. அதன் அன்றாடப் பணிகளுள் ஒன்றைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். பங்கு வாங்கிய, விற்ற ஒவ்வொருவருக்கும் அன்றைய பரிமாற்றங்களையும் கட்டணங்களையும் வரிகளையும் காட்டும் ‘கான்ட்ராக்ட் நோட்’ என்னும் ஆவணம், எண்ணியல் கையொப்பத்துடன், 24 மணி நேரத்துக்குள் அனுப்பப்பட வேண்டும் என்பது விதி. வாடிக்கையாளர் எண்ணிக்கை பெருகப் பெருக இப்பணி பல மணி நேரத்தை விழுங்கியது. ஒவ்வோர் ஆவணத்தையும் இணைய உலாவியின் வழியாக அச்சு வடிவமாக மாற்றும் முறையை விட்டு முதலில் லேடெக் என்னும் பழைய அச்சுக்கோப்பு மென்பொருளுக்கும், பின்னர் பெர்லினில் இரு மாணவர்கள் தொடங்கிய டைப்ஸ்ட் என்னும் புதிய திறமூல மென்பொருளுக்கும் மாறி, வேலையைப் பல கணினிகளுக்குப் பகிர்ந்தளித்ததன் மூலம், சுமார் 15 லட்சம் ஆவணங்களை 25 நிமிடங்களில் உருவாக்க முடிந்ததாக அந்நிறுவனத்தின் பொறியாளர்கள் 2024இல் விளக்கி எழுதினர். மூலநிரல் படிக்கக் கிடைத்ததால்தான் ஒவ்வொரு கட்டத்திலும் தாமதம் எங்கே பிறக்கிறது என்று அவர்களால் தேட முடிந்தது. தாங்கள் கண்டதை எழுதி வெளியிட்டதால் அது மற்ற நிறுவனங்களுக்கும் பயன்பட்டது.

ஒரு வட்டி விதி நிரலாகும் விதம்

பெரிய நிறுவனங்களின் வேகத்தைவிடச் சிறிய சங்கத்தின் வட்டிக் கணக்கே இந்நடைமுறையின் பயனைத் தெளிவாகக் காட்டும். தமிழ்நாட்டுக் கூட்டுறவுச் சங்கங்களில் பயிர்க்கடன் 7 விழுக்காடு வட்டியில் வழங்கப்படுகிறது. உரிய தேதிக்குள் திருப்பிச் செலுத்துவோரின் வட்டியை அரசு ஏற்பதால் அவர்களுக்கு அது வட்டியில்லாக் கடனாகிறது. ஒரு லட்சம் ரூபாயை ஓராண்டுக்குப் பெற்றவர் தவணை நாளில் கட்டினால் வட்டி ஏதுமில்லை; தவறினால் சுமார் 7,000 ரூபாய் வட்டி அவர் தலையில் விழும். கேட்பதற்கு எளிய இவ்விதியை நிரலாக்கப் புகும்போது, தவணை நாள் ஞாயிற்றுக்கிழமையாக அமைந்தால் திங்களன்று கட்டியவர் காலத்தே கட்டியவரா, மாலை கட்டிய தொகை இரவு நேரப் பதிவில் மறுநாள் தேதியைப் பெற்றுவிட்டால் யார் பொறுப்பு, பகுதித் தொகை கட்டியவரின் நிலை என்ன எனக் கேள்விகள் கிளைக்கின்றன. லீப் ஆண்டின் 366 நாள்களுக்கான வட்டியை 365ஆல் வகுத்தால் 7,019 ரூபாய் 18 காசு வரும். 366ஆல் வகுத்தால் சரியாக 7,000 வரும். ஒருவருக்கு 19 ரூபாயாகத் தெரியும் இவ்வேறுபாடு, பல்லாயிரம் கடன்களில் பெருந்தொகையாகிவிடும்.

திறமூலத் திட்டங்களில் இத்தகைய விதி மூன்று காப்புகளைக் கடந்தே புழக்கத்துக்கு வருகிறது. முதலாவது, பதிப்புக் கட்டுப்பாடு: லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் எழுதிய கிட் என்னும் கருவியில், எந்த வரியை யார், எப்போது, எக்காரணத்தால் மாற்றினார் என்பது அழியாத தொடராகப் பதிவாகிறது. இரண்டாவது, சக மதிப்பாய்வு: எழுதியவர் தானே அதைச் சேர்த்துவிட முடியாதபடி, மற்றொருவர் படித்து ஒப்புக்கொண்ட பின்னரே மாற்றம் மூலக் களஞ்சியத்தில் இணைகிறது. மூன்றாவது, தானியங்கிச் சோதனை: தவணைக்கு முதல்நாள், தவணை நாள், விடுமுறை நாள், மறுநாள், லீப் ஆண்டு எனப் பல நிலைமைகளுக்கு எதிர்பார்க்கும் விடைகள் முன்கூட்டியே எழுதி வைக்கப்பட்டு, நிரலில் எங்கு கைவைத்தாலும் அச்சோதனைகள் அனைத்தும் மீண்டும் ஓட்டப்படுகின்றன. வங்கி உலகம் நெடுங்காலமாகப் போற்றிவரும் இருவர் ஒப்புதல், பேரேட்டுச் சுவடு, கணக்குச் சரிபார்ப்பு ஆகிய கொள்கைகளே இங்கு நிரலுக்கும் நீட்டிக்கப்படுகின்றன. மூலநிரலை வெளியுலகுக்குத் திறக்க இயலாத நிறுவனங்களும் தம் கிளைகளுக்கும் துறைகளுக்கும் இடையிலேனும் இம்முறையைக் கடைப்பிடிக்கலாம். ‘இன்னர் சோர்ஸ்’ எனப்படும் இவ்வகை உள்திறமூலம் பல பன்னாட்டு வங்கிகளில் முதற்படியாக அமைந்துள்ளது.

விதி பொதுவில் இருக்க வேண்டியதன் தேவையை நகைக்கடன் தள்ளுபடி இன்னும் வலுவாக உணர்த்துகிறது. கூட்டுறவு நிறுவனங்களில் 5 பவுன் வரையிலான நகைக்கடன்களைத் தள்ளுபடி செய்வதாகத் தமிழ்நாடு அரசு 2021 செப்டம்பரில் அறிவித்தபோது, அரசு ஊழியர் குடும்பங்களுக்கு விலக்கு முதலான பல நிபந்தனைகள் வகுக்கப்பட்டு, இலட்சக்கணக்கான கடன் பதிவுகள் அவற்றோடு ஒப்பிட்டுப் பிரிக்கப்பட்டன. அரசாணையில் உள்ள நிபந்தனையை எவரும் படிக்கலாம். அந்நிபந்தனை தரவுகளோடு ஒப்பிடப்படும் நிரலாக மாறும்போது எவ்வாறு பொருள்கொள்ளப்படுகிறது என்பதையும் படிக்க முடிந்தால்தான், தகுதியுடையவர் தவறாக விலக்கப்பட்டாரா என்பதை அவரோ அவருக்காகப் பேசுபவரோ சான்றுடன் கேட்க இயலும். இதற்காக எவருடைய கடன் விவரத்தையும் வெளியிட வேண்டியதில்லை. பிரிக்கும் விதியை வெளியிட்டாலே போதும்.

சிறு நிறுவனங்களின் சார்பு

பெரிய வணிக வங்கி தனக்கு மென்பொருள் வழங்கும் நிறுவனத்தோடு பேரம் பேசும் வலிமை உடையது. முக்கியச் செயலிகளின் மூலநிரலை வழங்குநரிடமிருந்து பெற வேண்டும், இயலாவிட்டால் வழங்குநர் மறைந்துபோனாலும் கிடைக்கும்படி மூன்றாம் தரப்பிடம் அதை ஒப்படைத்து வைக்கும் ஏற்பாட்டைச் செய்ய வேண்டும் என்று, 2023 நவம்பரில் வெளியான தகவல் தொழில்நுட்ப ஆளுகை நெறிமுறைகளில் ரிசர்வ் வங்கி வணிக வங்கிகளுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. மூலநிரல் இல்லாத நிறுவனம் தன் கணக்குகளுக்கே முழு உரிமையாளராக இருக்க முடியாது என்ற உண்மையை ஒழுங்குமுறை அமைப்பும் உணர்ந்துள்ளது என்பதற்கு இது சான்று. அவ்வளவு சட்ட வலிமையும் பண வசதியும் இல்லாத சிறிய கடன் சங்கத்துக்கு இத்தகைய ஏற்பாடு எட்டாக்கனி. வழங்குநர் விலையை உயர்த்தினாலும் சேவையை நிறுத்தினாலும் அது செய்வதறியாது நிற்கும்.

இச்சிக்கலுக்கு விடை தேடும் முயற்சியாகவே, சிறுகடன் நிறுவனங்களுக்கென மைஃபோஸ் என்னும் திறமூல மென்பொருளை அமெரிக்காவின் கிராமீண் ஃபவுண்டேஷன் 2006இல் வெளியிட்டது. பெங்களூரைச் சேர்ந்த கிராமீண் கூட்டா அதைத் தொடக்கத்தில் பயன்படுத்திய நிறுவனங்களுள் ஒன்று. உருவாக்கிய அமைப்பு 2011இல் அத்திட்டத்திலிருந்து விலகியபோது, வழக்கமான வணிக மென்பொருளாக இருந்தால் அத்துடன் மறைந்திருக்கும். மூலநிரல் பொதுவில் இருந்ததால் பயனர்களும் நிரலர்களும் தனி அமைப்பாகத் திரண்டு அதைத் தொடர்ந்தனர். புதிதாக எழுதப்பட்ட அதன் உட்கரு, திறமூலத் திட்டங்களைப் பேணும் அப்பாச்சி அறக்கட்டளையின் குடையின் கீழ் ஃபினராக்ட் என்ற பெயரில் 2017இல் முழுநிலைத் திட்டமாகி, சேமிப்பு, கடன், தவணை, கணக்குப் பதிவு ஆகியவற்றைக் கையாளும் அடித்தளமாகப் பல நாடுகளில் இன்று இயங்குகிறது. தோற்றுவித்தவர் விலகிய பின்னும் தொடர்வது, பல பத்தாண்டுகள் கணக்கைக் காக்க வேண்டிய நிதி நிறுவனத்துக்கு விலைக்குறைப்பைவிடப் பெரிய பயன்.

2024 ஜூலையின் பாடம்

திறமூலம் தன்னளவில் எவரையும் காப்பதில்லை என்பதை அண்மை நிகழ்ச்சி ஒன்று கடுமையாக உணர்த்தியது. கூட்டுறவு வங்கிகளுக்கும் வட்டார ஊரக வங்கிகளுக்கும் தொழில்நுட்பச் சேவை அளிக்கும் சி-எட்ஜ் டெக்னாலஜிஸ் நிறுவனத்தின் அமைப்புகள் பிணைத்தொகை கேட்கும் தீநிரலால் தாக்கப்பட்டதை அடுத்து, தேசியப் பணப்பரிமாற்றக் கழகம் 2024 ஜூலை 31 அன்று அந்நிறுவனத்தைத் தன் கட்டமைப்பிலிருந்து தற்காலிகமாகத் துண்டித்தது. நாடெங்கும் சுமார் 300 சிறு வங்கிகளின் வாடிக்கையாளர்கள் யுபிஐ போன்ற சேவைகளைப் பெற முடியாமல் தவித்ததாகவும், மறுநாள் இணைப்பு மீண்டதாகவும் செய்திகள் வெளியாயின. இணையப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான கிளவுட்செக், இச்சங்கிலியில் தொடர்புடைய வேறொரு சேவை நிறுவனத்தில் சரியாக அமைக்கப்படாத ஜென்கின்ஸ் சர்வர் வழியாகவே தாக்குதல் நுழைந்ததாகத் தன் ஆய்வில் தெரிவித்தது.

ஜென்கின்ஸ் என்பது நிரல்களைத் தொகுத்துச் சோதிக்கும் பணியைத் தானியக்கமாக்கும் திறமூலக் கருவி. அனுமதி இல்லாத வெளியாள் சர்வரிலுள்ள கோப்புகளைப் படிக்க இடம்தந்த அதன் ஓட்டை 2024 ஜனவரியிலேயே அறிவிக்கப்பட்டு, அதை அடைக்கும் திருத்தமும் அன்றே அனைவருக்கும் இலவசமாகக் கிடைத்தது. ஆய்வு கூறுவதன்படி அந்த ஓட்டையே பயன்படுத்தப்பட்டதென்றால், அறிவிப்புக்கும் தாக்குதலுக்கும் இடையே ஆறு மாதங்கள் இருந்தன. அமெரிக்காவில் ஈக்விஃபாக்ஸ் என்னும் கடன் தகவல் நிறுவனத்திலிருந்து 14 கோடிக்கும் மேற்பட்டோரின் விவரங்கள் 2017இல் களவுபோனதும் இதே வகையானது. அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ் மென்பொருளுக்கு மார்ச் மாதத்தில் வெளியான திருத்தம் ஏற்றப்படாத சர்வர் வழியாக மே மாதத்தில் திருடர்கள் நுழைந்தனர். இரண்டிலும் திறமூலச் சமூகம் தன் கடமையைச் செய்திருந்தது. பயன்படுத்தியவர் தரப்பில் ஒழுங்கு தவறியது.

தன்னிடம் எந்தெந்த மென்பொருள் உறுப்புகள், எந்தெந்தப் பதிப்பில் உள்ளன என்று அறியாத நிறுவனம் திருத்தம் வெளியான செய்தியைக் கேட்டாலும் அது தனக்குரியது என்று உணராது. 2021 டிசம்பரில் லாக்4ஜே என்னும் சிறிய பதிவேட்டு நிரலில் பெரும் ஓட்டை வெளிப்பட்டபோது, அந்நிரல் தம் அமைப்புகளில் எங்கெங்கு ஒளிந்திருக்கிறது என்று தேடுவதிலேயே பல நிறுவனங்கள் நாள்களைச் செலவிட்டன. இதற்கு மருந்தாக, மென்பொருளின் உட்கூறுகள் அனைத்தையும் பதிப்பெண்ணோடு வரிசைப்படுத்தும் உட்பொருள் பட்டியல் முறை பரிந்துரைக்கப்படுகிறது. பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி 2024 ஆகஸ்டில் வெளியிட்ட இணையப் பாதுகாப்புக் கட்டமைப்பில் பங்குச் சந்தை நிறுவனங்களுக்கு அதை வலியுறுத்தியது.

பராமரிப்பவரைக் காத்தல்

திறமூலத்தின் வலிமையையும் வலுவின்மையையும் ஒருங்கே காட்டியது 2024 மார்ச்சில் வெளிப்பட்ட எக்ஸ்இசட் விவகாரம். கோப்புகளைச் சுருக்க உதவும் அச்சிறு மென்பொருளை நெடுங்காலம் தனியொருவர் ஊதியமின்றிப் பராமரித்து வந்தார். உதவிக்கு வந்தவர்போல் சேர்ந்து, ஈராண்டுகளுக்கு மேல் உழைத்து நம்பிக்கை பெற்ற ஒருவர், உலகின் லினக்ஸ் சர்வர்களுக்குள் நுழையக் கள்ள வாயில் ஒன்றை அதில் புகுத்தினார். போஸ்ட்கிரெஸ் திட்டத்தின் நிரலர்களுள் ஒருவரான ஆண்ட்ரெஸ் ஃபிராயிண்ட், சர்வருக்குள் நுழைவதற்கு வழக்கத்தைவிட அரை விநாடி கூடுதலாவதைக் கவனித்து, காரணத்தைத் தேடி மூலநிரலுக்குள் சென்று அந்த வாயிலைக் கண்டறிந்தார். நிரல் திறந்திருந்ததால் அவர் தேட முடிந்தது. பராமரித்தவர் தனித்து விடப்பட்டதால்தான் வஞ்சகம் நுழையவும் முடிந்தது.

கோடிக்கணக்கான ரூபாயைக் கையாளும் நிறுவனங்கள், தாம் நம்பியிருக்கும் நிரலைக் காப்பவருக்கு ஏதும் தராமல் இருப்பது நன்றிக்கேடு மட்டுமன்று. தம் அடித்தளத்தைத் தாமே அரிக்கவிடும் செயலுமாகும். உலகத் திறமூலத் திட்டங்களுக்கு ஆண்டுதோறும் 10 லட்சம் டாலர் வழங்கும் நிதியத்தை ஜெரோதா 2024 அக்டோபரில் அறிவித்தது இவ்வகையில் பாராட்டத்தக்க முன்மாதிரி. பணம் தர இயலாத நிறுவனமும் பிழைகளை முறையாக அறிவிக்கலாம், தான் செய்த திருத்தங்களைத் திருப்பித் தரலாம், ஆவணங்களைத் தமிழில் எழுதலாம்.

உரிமங்களைப் புரிந்துகொள்வதும் இக்கடமையின் பகுதியே. அப்பாச்சி, எம்ஐடி போன்ற உரிமங்கள் ஏறத்தாழத் தடையற்ற பயன்பாட்டை அனுமதிக்கின்றன. ஜிபிஎல் உரிமமோ, திருத்திய மென்பொருளைப் பிறருக்கு வழங்கும்போது மூலநிரலையும் வழங்கக் கோருகிறது; அலுவலகத்துக்குள் மட்டும் பயன்படுத்தினால் அக்கடமை எழாது. ஏஜிபிஎல் உரிமம் திருத்திய மென்பொருளை வலையமைப்பின் வழியே பிறர் பயன்படுத்த விட்டாலும் மூலநிரலைத் தரக் கோருவதால், அதை ஏற்கும் முன் நிறுவனத்தின் சட்டப் பிரிவும் நிரலர்களும் கலந்து முடிவெடுக்க வேண்டும்.

கடன் சங்கம் வரை

தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கங்களைக் கணினிமயமாக்கும் திட்டத்துக்கு ஒன்றிய அமைச்சரவை 2022 ஜூனில் ஒப்புதல் அளித்தது. 63,000 சங்கங்களை 2,516 கோடி ரூபாய்ச் செலவில், நபார்டு வங்கியின் துணையுடன் பொதுவான தேசிய மென்பொருளில் இணைப்பது அப்போது அதன் நோக்கம். அரசுச் செயலிகளின் மூலநிரலைத் திறந்து கூட்டாக மேம்படுத்துவதற்கான கொள்கையை ஒன்றிய அரசு 2015இலேயே வகுத்திருக்கிறது. திறமூலப் பயன்பாட்டில் தமிழ்நாட்டுக்கும் முன்னனுபவம் உண்டு. ஐ.ஏ.எஸ். அதிகாரி உமாசங்கர் தலைமையில் மாநில அரசின் எல்காட் நிறுவனம் தன் கணினிகளை லினக்ஸுக்கு மாற்றியதும், ஒன்றிய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கின் சென்னை மையம் 2007இல் பாஸ் லினக்ஸை வெளியிட்டதும் இதற்குச் சான்றுகள். இவை அனைத்தும் ஒன்றுகூடினால், பொதுப் பணத்தில் உருவாகும் கடன் மென்பொருளின் வட்டி விதிகள், தவணை விதிகள், தள்ளுபடி விதிகள், அவற்றுக்கான சோதனைகள் ஆகியவற்றையேனும் பொதுக் களஞ்சியத்தில் வைப்பதற்குத் தொழில்நுட்பத் தடை ஏதுமில்லை. களக்காடு அமைந்த நெல்லைச் சீமையின் பொறியியல் கல்லூரி மாணவர்கள் அவற்றைப் படித்துப் பிழை கண்டறிந்து அறிவித்தால், பாடமும் பொதுப்பணியும் ஒன்றாகவே நிகழும்.

கூட்டுறவு இயக்கத்தின் வரலாறும் இதற்கே துணைநிற்கிறது. ஃபிரெடெரிக் நிக்கல்சன் சென்னை மாகாண அரசுக்காக ஊரகக் கடனைப் பற்றி ஆராய்ந்து அளித்த அறிக்கையின் தொடர்ச்சியாக 1904இல் கூட்டுறவுச் சட்டம் பிறந்தது. அதே ஆண்டில் இன்றைய திருவள்ளூர் மாவட்டத்துத் திரூரில் கடன் சங்கம் தோன்றியது. வட்டிக்கு விடுபவர் தம் வீட்டுப் பெட்டியில் பூட்டிவைத்த கணக்கை உறுப்பினர் அனைவரும் அறியும் கணக்காக மாற்றியதே அவ்வியக்கத்தின் அருஞ்செயல். தமிழ்நாட்டில் கூட்டுறவுத் தணிக்கைக்கெனத் தனித் துறை இயங்குவதும் அதன் விளைவே. கணக்கிடும் வேலை நிரலின் கைக்குப் போன காலத்தில், பேரேட்டை மட்டும் தணிக்கைக்கு உட்படுத்தி நிரலை விட்டுவிடுவது பாதித் தணிக்கையாகும். எனவே சங்கமோ வங்கியோ அடுத்த முறை மென்பொருள் ஒப்பந்தம் எழுதும்போது, மூலநிரலைப் பெறும் உரிமை, உட்பொருள் பட்டியல், திருத்தங்களை ஏற்றுவதற்கான காலவரையறை, வட்டி விதிகளின் வெளிப்படையான சோதனைகள் ஆகிய நான்கையும் அதில் நிபந்தனைகளாகச் சேர்க்க வேண்டும். ஒப்பந்தம் எழுதுவோரிடம் அவற்றைக் கேட்டுப் பெறும் உரிமை, சங்கத்தின் பங்குதாரரான ஒவ்வோர் உறுப்பினருக்கும் உண்டு.